கோவை என்ற பெயரில் இரண்டு கோப்புகள்: லினக்ஸும் கிட்டும் தமிழைப் படிக்கும் விதம்

சரவணம்பட்டியிலோ அவிநாசி சாலையிலோ ஏதாவது ஒரு மென்பொருள் அலுவலகத்தில் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு ஒன்று தகராறு செய்தால், உடனே மூன்று விளக்கங்கள் கிடைக்கும். "லினக்ஸ்ல தமிழ் வராதுங்க." "அது ஃபாண்ட் பிரச்சினைங்க." "தமிழ்ல பேரு வெச்சா கிட் உடைச்சுப் போடும், இங்கிலீஷ்ல மாத்திருங்க." பெரும்பாலும் மூன்றுமே தவறு. கோப்பும் உடைந்திருக்காது, எழுத்தும் கெட்டிருக்காது. ஒரே எண் வரிசையை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படித்திருக்கும், அவ்வளவுதான். உண்மையான சேதம் பிறகு நடக்கிறது, யாராவது அதைச் "சரி செய்ய" உட்காரும்போது.

வெர்ஷன் கண்ட்ரோல் என்றால், ஒரு நிரலின் கோப்புகளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவு வைத்திருக்கும் மென்பொருள். கிட், சப்வெர்ஷன் இரண்டும் அந்த வகை. அந்தப் பதிவுகள் இருக்கும் கிடங்குக்கு ரெப்போ என்றும், ஒரு மாற்றத்தை அதில் பதிவதற்கு கமிட் என்றும் பெயர். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம். இந்தக் கட்டுரையில் ஆணைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிப்பின்படியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

சாயப்பட்டறைச் சீட்டு

திருப்பூரில் துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது கூடவே ஒரு சீட்டும் போகும். அதில் "மயில் நீலம்" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஒரு நீலம் வரும். அதனால் ஷேடு கார்டைப் பார்த்து அதிலுள்ள எண்ணை எழுதுவார்கள். 224 என்று எழுதி அனுப்பினால், பட்டறையில் இருப்பவர் தன்னிடமுள்ள கார்டில் 224-ஐப் பார்த்து அந்த நிறத்தை ஏற்றுவார்.

இரண்டு பேரிடமும் ஒரே கார்டு இருக்கும் வரை சிக்கல் இல்லை. பட்டறைக்காரரிடம் வேறு கம்பெனியின் கார்டு இருந்தால்? அதிலும் 224 இருக்கும், ஆனால் அது செங்கல் நிறமாக இருக்கும். துணி செங்கல் நிறத்தில் திரும்பி வரும். சீட்டிலுள்ள எண் அப்படியேதான் இருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. பார்த்த கார்டு மட்டும் வேறு.

இப்போது இடையில் ஒருவர் புகுந்து, "செங்கல் நிறம் வந்திருக்கே, அப்ப எண்தான் தப்பு" என்று சீட்டில் வேறு எண்ணை எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதற்கப்புறம் சரியான கார்டே கையில் கிடைத்தாலும் மயில் நீலம் வராது. மேலே "சரி செய்ய உட்காரும்போது" என்று சொன்னது இதைத்தான்.

எண்ணும் கார்டும் கணினியில்

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, பைட்டுகளைச் சேமிக்கிறது. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எந்த எண்ணுக்கு, அல்லது எந்த எண் வரிசைக்கு, எந்த எழுத்து என்று சொல்லும் ஒப்பந்தத்துக்குப் பெயர் என்கோடிங். சாயப்பட்டறைக் கதையில் வரும் ஷேடு கார்டு அதுதான்.

முதலில் பரவலான கார்டு ஆஸ்கி. 1963-ல் வந்தது. 0 முதல் 127 வரை மொத்தம் 128 இடங்கள், ஆங்கிலத்துக்குப் போதும். மிச்சமுள்ள 128 முதல் 255 வரையிலான இடங்களில் ஆளாளுக்கு ஒரு பட்டியலை வைத்துக்கொண்டார்கள். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு லத்தீன்-1 என்ற கார்டு வந்தது. தமிழுக்கும் டிஸ்கி, டாம், டாப் என்று பல கார்டுகள் வந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது.

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்ற முயற்சிதான் யூனிகோடு. 1991-ல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் அது ஓர் எண் தருகிறது. அந்த எண்ணுக்குக் கோடு பாயிண்ட் என்று பெயர். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். "க" 2965.

2965 ஒரு பைட்டில் அடங்காது, 255-தான் எல்லை. ஆகவே அதைப் பல பைட்டுகளாகப் பிரித்து எழுத ஒரு முறை வேண்டும். அந்த முறைகளில் இன்று ஆட்சி செய்வது யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, மேசை விரிப்புத் தாளில் கென் தாம்சன் இதன் வடிவத்தை எழுதினார், உடன் இருந்தவர் ராப் பைக். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு கோடு பாயிண்டுக்கும் மூன்று பைட் பிடிக்கும். "க" என்பது 224, 174, 149.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்கியில் இருக்கும் எழுத்துகள் யூடிஎஃப்-8-லும் அதே எண்ணோடு ஒரே பைட்டில் இருக்கின்றன. மற்ற எழுத்துகளுக்கான பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேல். ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு எந்தக் கார்டை வைத்துப் படித்தாலும் ஒன்றுபோலவே தெரியும். பிரச்சினை இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் தமிழ்க் கோப்பு உள்ளே வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும், பழியும் தமிழின் மேல் விழும்.

இதுவரை: சேமிக்கப்படுவது எண்கள். அவற்றை எழுத்தாக்குவது என்கோடிங். எழுதியவரும் படிப்பவரும் ஒரே என்கோடிங்கை வைத்திருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் வேறு ஏதோ தெரியும், எண்கள் மட்டும் அப்படியே இருக்கும். ஃபாண்டுக்கு இதில் வேலை கிடையாது. ஃபாண்ட் இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் வரும். தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள், கேள்விக்குறிகள், எண்கள் என்று வந்தால் அது என்கோடிங் சமாச்சாரம்.

லினக்ஸ் பெயரைப் படிப்பதே இல்லை

லினக்ஸ் கருவை, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலைப் பொறுத்தவரை கோப்பின் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அதில் இரண்டு எண்களுக்கு மட்டுமே தடை: 0 வரக்கூடாது, 47 வரக்கூடாது. 47 என்பது அடைவுகளைப் பிரிக்கும் சாய்கோடு. வேறு எது வந்தாலும் லினக்ஸுக்குச் சம்மதம். அது தமிழா, லத்தீனா, அர்த்தமே இல்லாத குப்பையா என்று அது கேட்காது. யூடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துகளுக்குள் 0-வோ 47-ஓ ஒருபோதும் வராது என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. இது தற்செயலும் இல்லை. கோப்பு முறைக்குப் பாதகம் செய்யாத என்கோடிங் வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் யூடிஎஃப்-8.

இடையில் ஒரு தகவல். இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகளில் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்தில் 255 எழுத்து வரும், தமிழில் 85 கோடு பாயிண்ட்தான். கோபிச்செட்டிப்பாளையம் என்று நான்கு முறை சேர்த்து எழுதினாலே 252 பைட் ஆகிவிடும். பில் விவரம் முழுவதையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் வழக்கமுள்ள அலுவலகங்களில் இது நிஜமாகவே இடிக்கும்.

சரி, லினக்ஸ் கரு பெயரைப் படிப்பதில்லை என்றால் திரையில் தமிழாகக் காட்டுவது யார்? ஆணைகளைத் தட்டும் திரையான டெர்மினலும், அதில் ஓடும் நிரல்களும். அவை எந்த என்கோடிங்கை வைத்துப் படிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக்குப் பெயர் லொக்கேல். மொழி, நாடு, என்கோடிங் மூன்றையும் சேர்த்துச் சொல்வது அது. லாங், எல்சி சிடைப், எல்சி ஆல் என்ற சூழல் மாறிகள் (நிரல் ஓடும்போது அதற்குக் கூடவே கிடைக்கும் சிறு குறிப்புகள்) வழியாக அது நிரல்களுக்குப் போகிறது. எல்சி ஆல் இருந்தால் அதன் பேச்சுதான் எடுபடும். அது இல்லையென்றால் எல்சி சிடைப். அதுவும் இல்லையென்றால் லாங். ஒன்றுமே இல்லையென்றால் "சி" லொக்கேல், அதாவது ஏறத்தாழ ஆஸ்கி மட்டும்.

இங்கே பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. தமிழ்ப் பெயர்கள் தெரிய லொக்கேல் தமிழாக இருக்க வேண்டும் என்று பலர் நினைத்து, சர்வரின் மொழியையே தமிழுக்கு மாற்றிவிட்டு, பிழைச்செய்திகள் தமிழில் வருவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தேவையே இல்லை. அமெரிக்க ஆங்கிலம் யூடிஎஃப்-8, இந்திய ஆங்கிலம் யூடிஎஃப்-8, எதுவானாலும் போதும். முன்னால் உள்ள மொழி எதுவாகவும் இருக்கட்டும். பின்னால் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்பது மட்டுமே நமக்கு முக்கியம்.

கிட்: சீட்டைப் பிரிக்காத டிரைவர்

ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு மென்பொருளுக்குள் "கோவை" என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் இப்படி வரும்:

"\340\256\225\340\257\213\340\256\265\340\257\210"

இதைப் பார்த்துத்தான் "உடைச்சுப் போடும்" என்கிறார்கள். கிட் எதையும் உடைக்கவில்லை. சாயப்பட்டறைச் சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் டிரைவர் மாதிரி, கோப்புப் பெயரின் பைட்டுகளை அது அப்படியே எடுத்து வைத்து அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது லினக்ஸ் கருவின் வேலைக்காகத்தான். கருவின் போக்கு இதிலும் இருப்பதில் வியப்பில்லை.

அந்த எண்கள் எட்டடிமானத்தில் எழுதிய பைட்டுகள். 340 என்றால் மூன்று 64-உம் நான்கு 8-உம், அதாவது 224. 256 என்றால் 174. 225 என்றால் 149. "க"-வின் மூன்று பைட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன, பாருங்கள். 127-க்கு மேல் உள்ள எந்தப் பைட்டையும் இப்படி எழுதிக் காட்டுவது கிட்டின் இயல்பான அமைப்பு. உங்கள் லொக்கேல் யூடிஎஃப்-8 ஆக இருந்தாலும் அப்படித்தான் காட்டும். கோர் புள்ளி குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் "கோவை" என்றே காட்டும். மாறுவது காட்சி மட்டும். ரெப்போவுக்குள் ஒரு பைட்டும் அசையாது.

கிட் தரும் பெயர்ப் பட்டியலை உங்கள் ஸ்கிரிப்ட் (ஆணைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) எடுத்து வேலை செய்கிறதென்றால், திரைக்கான இந்த வடிவத்தை நம்பவே கூடாது. எல்எஸ்-ஃபைல்ஸ் போன்ற ஆணைகளோடு "மைனஸ் இசட்" சேர்த்துக் கொடுத்தால் மேற்கோள் குறி, பின்சாய்கோடு எதுவும் இல்லாமல் மூலப் பைட்டுகளே வரும்.

சப்வெர்ஷன்: எல்லாவற்றையும் தன் கார்டுக்கு மாற்றுபவர்

சப்வெர்ஷன் வேறு குணம். சீட்டு வந்ததும் பிரித்துப் படித்து, எண்ணைத் தன் கார்டின்படி மாற்றி எழுதித் தன் பேரேட்டில் ஏற்றும் சூப்பர்வைசர் அது. பெயர்களையும் கமிட் குறிப்புகளையும் தனக்குள் எப்போதும் யூடிஎஃப்-8-லேயே வைத்திருக்கும். உள்ளே வாங்கும்போது உங்கள் லொக்கேலிலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றும், வெளியே கொடுக்கும்போது யூடிஎஃப்-8-லிருந்து உங்கள் லொக்கேலுக்கு மாற்றும்.

உங்கள் லொக்கேல் "சி" என்று இருந்தால்? அந்தக் கார்டில் "க" கிடையாது. மாற்ற வழியில்லை. சப்வெர்ஷன் அங்கேயே நின்றுவிடும். யூடிஎஃப்-8-லிருந்து இந்தக் கணினியின் என்கோடிங்குக்கு மாற்ற முடியவில்லை என்று சொல்லி, பெயரை இப்படிக் காட்டும்:

?\224?\174?\149

கிட் காட்டியது எட்டடிமானம், இது பத்தடிமானம். இரண்டும் ஒரே "க".

செக்அவுட், அதாவது ரெப்போவிலிருந்து கோப்புகளை எடுப்பது, பாதியில் நின்றதைப் பார்த்து ரெப்போ கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். லொக்கேலை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டு, தேவைப்பட்டால் கிளீனப் கொடுத்து, மறுபடி அப்டேட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பலர் சப்வெர்ஷனைத் திட்டுவது இந்த முரட்டுத்தனத்துக்காக. எனக்கென்னவோ, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்பது பிடித்திருக்கிறது. கிட்டிடம் டிஸ்கியில் பெயர் வைத்த கோப்பைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். சிக்கல் ஆறு மாதம் கழித்து வேறொருவர் திரையில்தான் தெரியும்.

இதுவரை: லினக்ஸ் கருவுக்கும் கிட்டுக்கும் பெயர் என்பது பைட்டுகள் மட்டுமே. சப்வெர்ஷனுக்கு அது எழுத்துகள், ஆகவே லொக்கேல் சரியாக இருந்தே ஆக வேண்டும். திரையில் வரும் எண்கள் பயமுறுத்தினாலும், எண்களாகத் தெரியும் வரை தகவல் உயிரோடுதான் இருக்கிறது.

சர்வருக்குள் போனதும் தமிழ் காணாமல் போவது

"அண்ணா, என்ற லேப்டாப்புல நல்லா தெரியுதுங்க. சர்வர்ல போயி பாத்தா பேரெல்லாம் நம்பரா வருது."

"எதையும் தொட்டுப்போடாதீங்க தம்பி. மொதல்ல லொக்கேல்னு அடிச்சுப் பாருங்க."

அண்ணன் சொன்னது சரியான முதல் அடி. லொக்கேல் என்ற ஆணை இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். அதோடு "மைனஸ் ஏ" சேர்த்தால் அந்தக் கணினியில் எவையெல்லாம் நிறுவப்பட்டிருக்கின்றன என்று காட்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் பாதி வழக்குகள் முடிகின்றன.

தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போகும்போது, பல லினக்ஸ் வகைகளில் உங்கள் லேப்டாப்பின் லாங், எல்சி மாறிகளும் கூடவே போகும். லேப்டாப்பில் இந்திய ஆங்கிலம் யூடிஎஃப்-8 இருக்கும். சர்வரில் அந்த லொக்கேல் உருவாக்கப்பட்டே இருக்காது. இல்லாத கார்டின் பெயரைச் சொன்னால் நிரல்கள் "சி"-க்கு இறங்கிவிடும். பேஷ், பெர்ல் போன்ற நிரல்கள் லொக்கேலை அமைக்க முடியவில்லை என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தினமும் பார்த்துப் பழகிப்போய் யாரும் படிப்பதில்லை.

டெபியன், உபுண்டு வகைகளில் லொக்கேல்-ஜென் கொண்டு அதை உருவாக்கிவிடலாம். சின்ன கண்டெய்னராக (தேவையான நிரல்களை மட்டும் அடைத்து ஓட்டும் தனிச் சூழலாக) இருந்து, அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால் "சி புள்ளி யூடிஎஃப்-8" என்ற லொக்கேல் இருக்கிறது. மொழி எதுவும் இல்லாத, என்கோடிங் மட்டும் யூடிஎஃப்-8 ஆன லொக்கேல் அது. டெபியனில் நெடுநாளாக உண்டு. லினக்ஸ் நிரல்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் நூலகமான ஜிலிப்சியில், 2022-ல் வந்த 2.35-லிருந்து மூலத்திலேயே சேர்ந்துவிட்டது.

கிட் லாகில் தமிழ்க் கமிட் குறிப்பு கோண அடைப்புக்குள் சின்னச் சின்னக் குறியீடுகளாக வந்தால், அதைச் செய்வது கிட் இல்லை. நீளமான வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் என்ற நிரல். அதுவும் லொக்கேலைப் பார்த்துத்தான் நடக்கிறது, ஆகவே மருந்தும் அதே.

பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு, குறிப்பு வேறு

ஒரு கமிட்டுக்குள் தமிழ் மூன்று இடங்களில் இருக்கலாம்: கோப்பின் பெயரில், கோப்புக்குள் இருக்கும் உரையில், கமிட் குறிப்பில். மூன்றுக்கும் என்கோடிங் தனித்தனி. பெயருக்குச் செய்த வைத்தியம் உள்ளடக்கத்துக்கு வேலை செய்யாது. பலர் குழம்புவது இங்கேதான்.

கமிட் குறிப்பு யூடிஎஃப்-8 என்றே கிட் எடுத்துக்கொள்ளும். அப்படித் தெரியாவிட்டால் எச்சரிக்கும். வேறு என்கோடிங்தான் என்றால் ஐ18என் புள்ளி கமிட்என்கோடிங் என்ற அமைப்பில் சொல்ல வேண்டும். அது எதையும் மாற்றி எழுதாது, கமிட்டின் மேல் ஒரு லேபிள் ஒட்டும். பிறகு லாக் காட்டும்போது அந்த லேபிளைப் பார்த்து மாற்றிக் காட்டும்.

உள்ளடக்கத்தில் அடிக்கடி வரும் தொல்லை விண்டோஸிலிருந்து வரும் யூடிஎஃப்-16 கோப்புகள். அந்த முறையில் தமிழும் ஆங்கிலமும் இரண்டிரண்டு பைட். ஆங்கில எழுத்துக்கும் வரி முடிவுக்கும் கூடவே ஒரு 0 வரும். முதல் 8000 பைட்டுகளுக்குள் 0-வைக் கண்டாலே கிட் அதைப் படம் போன்ற பைனரி கோப்பு என்று முடிவு செய்துவிடும். எந்த வரி மாறியது என்று காட்டாது. 2018-ல் வந்த கிட் 2.18 முதல் இதற்கு வழி இருக்கிறது. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் என்று குறிப்பிட்டால், ரெப்போவுக்குள் யூடிஎஃப்-8 ஆகவும் உங்கள் கைக்கு வரும்போது யூடிஎஃப்-16 ஆகவும் மாற்றிக் கொடுக்கும். ஆனால் அந்தக் கோப்பு யூடிஎஃப்-16 ஆகவே இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஒரே தடவை ஐகான்வ் கொண்டு யூடிஎஃப்-8 ஆக்கி கமிட் செய்துவிடுவதே நிம்மதி.

ஐகான்வ் என்பது உள்ளடக்கத்தை ஒரு என்கோடிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி. எதிலிருந்து என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் தவறாகச் சொன்னாலும் பல நேரம் அது நம்பிவிடும். ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் தமிழ்க் கோப்பை லத்தீன்-1 என்று சொல்லி யூடிஎஃப்-8-க்கு மாற்றுங்கள்: 224, 174, 149 என்ற மூன்று பைட்டும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகக் கருதப்பட்டு 195, 160, 194, 174, 194, 149 என்று ஆறாகிவிடும். சீட்டில் எண்ணைத் திருத்திய கதை இதுதான். கோப்பின் அளவு திடீரென்று ஏறத்தாழ இரண்டு மடங்கானால், 195-உம் 194-உம் மாறி மாறி வந்தால், யாரோ ஏற்கெனவே "சரி செய்துவிட்டார்கள்" என்று பொருள். அதே மாற்றத்தைத் திசை மாற்றிச் செய்தால் இது திரும்பி வந்துவிடும்.

திரும்பாதது ஒன்று உண்டு. மாற்ற முடியாத எழுத்துக்குப் பதில் 63, அதாவது நிஜக் கேள்விக்குறியை எழுதிச் சேமித்துவிட்டால், மூல எண் போனது போனதுதான். அப்போதுதான் கிட்டின் அருமை தெரியும்: முந்தைய கமிட்டில் பழைய பைட்டுகள் அப்படியே கிடக்கும்.

ஒரே கோவை, இரண்டு கோவை

எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8. லொக்கேல் கச்சிதம். இருந்தும் ஒரே அடைவில் "கோவை" என்று இரண்டு கோப்புகள் நிற்கின்றன. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஒன்றைத் தட்டினால் திறக்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. பேய் வேலை போலத் தெரியும் இதற்குக் காரணம் யூனிகோடிலேயே இருக்கிறது.

"கோ" என்பதை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். க-வுக்குப் பின் 3019 என்ற ஒற்றைக் குறி, அதாவது ஓகாரக் குறி. அல்லது க-வுக்குப் பின் 3015 என்ற ஏகாரக் கொம்பும் 3006 என்ற காலும். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வகுத்திருக்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர். சேர்த்த "கோவை" 12 பைட், பிரித்த "கோவை" 15 பைட். பெயரை எழுத்தாகப் பார்க்காத லினக்ஸுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கிட்டுக்கும் அப்படியே.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் உள்ள எல்லாச் சொற்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. நம்ம ஊர்ப் பக்கம் பாருங்கள்: கொங்கு, கோவை, கோபி, ஈரோடு, பொள்ளாச்சி, கொடுமுடி, மொடக்குறிச்சி, பொங்கலூர். திருப்பூர், கரூர், பல்லடம்காரர்கள் தப்பித்தார்கள். கிளை வாரியாகக் கோப்புகளுக்கு ஊர்ப் பெயர் வைக்கும் கம்பெனியில் பாதிப் பெயர்கள் இதில் மாட்டும்.

பிரித்த வடிவம் எங்கிருந்து வருகிறது? மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்து வைத்தது. 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் நீங்கள் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும், இரண்டு வடிவங்களையும் ஒரே பெயராகத்தான் நடத்துகிறது. மேக்கில் கிட்டுக்கு கோர் புள்ளி ப்ரீகம்போஸ்யூனிகோடு என்ற அமைப்பு இருக்கிறது. பிரித்ததைச் சேர்த்து ரெப்போவில் வைக்கும். அது இல்லாத காலத்தில், அல்லது அணைத்து வைத்த மேக்கிலிருந்து, வந்த கமிட்டுகள் இன்னும் பல ரெப்போக்களில் இருக்கின்றன. பழைய ஃபாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சில கருவிகளும் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடுகின்றன.

கண்டுபிடிப்பது எப்படி? முன்பு எரிச்சலூட்டியதே இங்கே கைகொடுக்கிறது. குவோட்பாத்தை மறுபடி இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து பெயரைப் பாருங்கள். "க"-வின் 225-க்குப் பின் \340\257\213 வந்தால் சேர்த்த வடிவம். \340\257\207\340\256\276 என்று வந்தால் பிரித்த வடிவம். கிட் இல்லாத அடைவென்றால், எல்எஸ் வெளியீட்டை ஓடி என்ற நிரலுக்கு "மைனஸ் பி" சேர்த்து அனுப்பினால் அதே எட்டடிமான எண்கள் கிடைக்கும்.

திருத்துவது சுலபம்: கிட் எம்வி கொண்டு பிரித்த பெயரிலிருந்து சேர்த்த பெயருக்கு மாற்றி கமிட் செய்யலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் கன்வ்எம்வி என்ற கருவி பெயர்களை மொத்தமாக மாற்றும், அதற்கு என்எஃப்சி என்றே ஒரு தெரிவு உண்டு. அது முதலில் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும்; நோடெஸ்ட் என்று சொன்னால்தான் நிஜமாக மாற்றும். பொறுப்பான கருவி. பெயரை மாற்றுவது கன்வ்எம்வி, உள்ளடக்கத்தை மாற்றுவது ஐகான்வ். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் திருத்தாது. "கௌசிகா" என்று நதியின் பெயரை எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு "ள" எழுத்தைத் தட்டிவிடுகிறோம் அல்லவா? பார்வைக்கு ஒன்றுதான். யூனிகோடு விதிப்படி அவை சமம் அல்ல, ஏனென்றால் "ள" தனி எழுத்து. அதைக் கண்ணால் தேடி, கையால்தான் மாற்ற வேண்டும்.

பழைய ஃபாண்டில் எழுதிய கோப்புகள்

பாமினி, வானவில் போன்ற ஃபாண்டுகளில் அடித்த பழைய கோப்புகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பைட்டுகள் ஆங்கில எழுத்துகளுடையவை. அந்த ஃபாண்ட் அவற்றின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைகிறது. "ஃபாண்ட் பிரச்சினை" என்ற பேச்சு உண்மையாவது இங்கே மட்டும்தான். லொக்கேலை எப்படி மாற்றினாலும் தமிழ் வராது. டிஸ்கி மட்டும் விதிவிலக்கு, ஜிலிப்சியின் ஐகான்வுக்கு அது தெரியும். மற்றவற்றுக்கு அந்தந்த ஃபாண்டுக்கான மாற்றியைத் தேடி, யூனிகோடாக்கி, பிறகு ரெப்போவில் சேர்ப்பதே வழி.

ராத்திரி மட்டும் நிற்கும் வேலை

கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடும்போது நின்றுவிடுகிறது என்றால் முதலில் லொக்கேலைச் சந்தேகியுங்கள். நீங்கள் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் லாங் மாறி உங்களோடு இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான், நள்ளிரவில் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது பெரும்பாலும் அந்த மாறி இருக்காது. நிரல்கள் "சி"-யில் ஓடும். அதே சப்வெர்ஷன் அப்டேட் முதல் தமிழ்ப் பெயரில் நின்றுவிடும். ஸ்கிரிப்டின் தலையில் எல்சி சிடைப் என்ற மாறிக்கு யூடிஎஃப்-8 லொக்கேல் ஒன்றை எழுதி, எக்ஸ்போர்ட் என்ற ஆணையால் மற்ற நிரல்களுக்கும் கிடைக்கச் செய்தால் தீர்ந்தது.

சப்வெர்ஷனின் ஹூக்குகள் இன்னும் கறார். ஹூக் என்பது கமிட் நடக்கும்போது சர்வரில் தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட். அதைச் சூழல் மாறிகள் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடுதான் சப்வெர்ஷன் ஓடவிடும். ஆகவே ஹூக்குக்குள்ளேயே லொக்கேலை எழுத வேண்டும். 2013-ல் வந்த 1.8 முதல், ரெப்போவின் கான்ஃப் அடைவில் ஹூக்ஸ்-என்வ் மாதிரிக் கோப்பு இருக்கும். அதைப் பார்த்து ஒரே இடத்தில் எழுதிவிட்டால் எல்லா ஹூக்குகளுக்கும் சேர்ந்துவிடும். மாற்றியபின், "ஈரோடு" என்று ஒரு சோதனைக் கோப்பைச் சேர்த்து கமிட் செய்து பாருங்கள். ஆங்கிலப் பெயரில் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.